பட்டி பார்க்காத தகடு

தம்பியின் சட்டைப் பையைத் துழாவாமல் அக்கா எந்தச் சட்டையையும் தண்ணீரில் போட்டதில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம். பையில் பென்சில் துண்டு இருக்கும், மடித்த துணி இருக்கும், என்றைக்கோ யாருக்கோ வாங்கி மறந்துபோன தலைவலி மாத்திரை இருக்கும். அன்று மூன்றையும் எடுத்த பிறகும் பையின் அடியில் ஏதோ நறநறத்தது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். மாவு போல மெல்லிய, பளபளவென்ற தூள். அலுமினியத்தை அரம் போட்டால் உதிர்கிற தூள்.

வேறு யாராவது என்றால் உதறிவிட்டுப் போயிருப்பார்கள். தகட்டு வேலை செய்கிறவன் சட்டையில் தகட்டுத் தூள் இல்லாமல் சந்தனமா இருக்கும்? ஆனால் அக்கா தூளைக் கொட்டாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவள் தம்பி அரத்தைத் தொட விரும்பாதவன். "அரம் எடுத்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்று சொல்கிறவன். பட்டறையில் அவன் நிற்கிற இடத்தில் தரையைக் கூட்டினால் ஒரு கரண்டித் தூள்கூடத் தேறாது. இப்போது சட்டைப் பையிலேயே அரைக் கரண்டி இருந்தது.

அவன் செய்வது கார் உடம்பு. அச்சில் அழுத்தி ஆயிரம் ஆயிரமாக வருகிற கார் இல்லை. யாரோ ஒருவர் ஆசைப்பட்டு, ஒரு படத்தை வைத்துக்கொண்டு, எனக்கு இப்படி ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று கேட்கிற கார். முதலில் பலகைகளை அறுத்து, கார் வடிவத்தில் ஒரு மரக்கூடு நிறுத்துவார்கள். பார்த்தால் தின்று முடித்த மீனின் முள் மாதிரி இருக்கும். அந்தக் கூட்டின் மேல் ஒட்டி உட்காரும்படி தட்டையான அலுமினியத் தகட்டை வளைத்துத் தருவதுதான் தம்பியின் வேலை. தகட்டில் சோப்பைத் தடவி, அது கருக்கிற வரை நெருப்புக் காட்டி இளக்குவான். மணல் அடைத்த தோல் பையின் மேல் போட்டு மரச் சுத்தியலால் குழிப்பான். இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வழவழப்பாக்குவான். அதெல்லாம் கற்றுக்கொண்டால் யாரும் செய்வார்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடித்த அலுமினியம் பளபளக்காது, மங்கலாக இருக்கும், கண்ணை ஏமாற்றும். தம்பி ஒரு மெல்லிய துணியை விரித்து, அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுவான். காகித கனத்துக்குப் பள்ளம் இருந்தாலும் கை அங்கே நிற்கும். வலது கை அடிக்கிற கை, இடது கை கேட்கிற கை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பட்டறையில் அவனுக்குப் பெயர் 'கண்மூடி அண்ணன்'. "கண்ணை மூடிக்கிட்டு வேலை செஞ்சு பேர் வாங்கினது உலகத்துலயே எங்க அண்ணன் ஒருத்தர்தான். நாங்க மூடினா தூங்கறான்னு சொல்றாங்க" என்று வெல்டர் சிரிப்பான்.

இந்த வேலையை அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேருந்து பழுது பார்க்கிற இடத்தில் டிங்கரிங் வேலைக்குப் போனவன் அவன். அங்கே கழித்துப் போட்டிருந்த பழைய கார் ஒன்றின் முன்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். வெளியே கண்ணாடி மாதிரி இருந்த தகட்டின் உள்பக்கம் முழுக்கச் சுத்தியல் தடம், வரிசை வரிசையாக, மீன் செதில் மாதிரி. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து அக்கா துணி வெட்டுகிற மேசையின் அடியில் ஒரு வருடம் வைத்திருந்தான். சாப்பிடும்போதுகூடக் காலால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பான்.

அக்கா தையல்காரி. எட்டாவதோடு நின்றவள். முப்பது வயதில் கணவனை இழந்து தம்பியோடு வந்து சேர்ந்தவள். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு மேசை, ஒரு கண்ணாடி. அவன் பெயிண்ட் டப்பா மூடிகளை வளைக்கிறேன் என்று நாலு மாதம் நசுக்கித் தள்ளியதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

"ஏன்டா, தட்டையான துணியை உருண்டையான தோள்ல நான் எப்படி உட்கார வைக்கிறேன்? முதல்ல காகிதத்தைப் போட்டுப் பாரு. காகிதம் எங்க சுருங்கி மடியுதோ, அங்க தகட்டைக் குறுக்கணும். எங்க இழுத்துக் கிழியுதோ, அங்க நீட்டணும். இது தெரியாமலா தட்டிக்கிட்டு இருக்க?"

தம்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கட்டிய ஒவ்வொரு காருக்கும் மரக்கூட்டின் மேல் காகிதம் போட்டு வெட்டித் தந்தது அவள்தான். பத்தொன்பது கார். ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் போட்டு, வலது இடது எழுதி, நகல் எடுத்து, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெட்டியைத் திறந்து காட்டுவாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுப்பாள். முணுமுணுக்கட்டும். பொன் குஞ்சை வைத்திருக்கிற காக்கை என்னதான் செய்யும்?

கல்யாணம் மட்டும் அவனுக்கு அமையவில்லை. அதற்கும் கைதான் காரணம். சம்பந்தம் பேசப் போன இடத்தில், பெண்ணின் அப்பா வாசலில் நிறுத்தியிருந்த தன் புது காரைப் பற்றி அரை மணி நேரம் பெருமை பேசினார். இவன் எழுந்து போய்க் கண்ணை மூடிக் கதவைத் தடவிவிட்டு வந்து, "சார், இந்தக் கதவு இந்த வண்டியோடது இல்ல. அடிபட்டு மாத்தியிருக்காங்க. உங்களை ஏமாத்திட்டாங்க" என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது. வரும் வழியெல்லாம் அக்கா திட்டினாள். "பொண்ணு முகத்தையாவது பாத்தியாடா?" "பாத்தேன்க்கா. ஆனா கதவு பொய் சொல்லுதுக்கா, எப்படிச் சும்மா இருக்கறது?" அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இப்போது ஐம்பத்திரண்டு.

தூளைப் பார்த்த அன்று மாலை அக்கா கேட்டாள்.

"சட்டையில தூளா இருக்கே?"

"புது அரம்க்கா. நல்லா வெட்டுது."

"நீ எதுக்குடா அரம் எடுக்கற?"

"அக்கா, நீ ஊசி எடுக்கறப்ப நான் வந்து கேக்கறேனா?"

பேச்சை மாற்றுகிறான் என்று தெரிந்தது. அவள் விட்டுவிட்டாள். மூன்று நாள் கழித்து டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தாள். அப்போதுதான் கொதித்து இறக்கிய டீ. அவன் டம்ளரை இடது கையால் முழுசாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். புதிதாகக் கட்டுகிற இரண்டு கதவு காரைப் பற்றிய பேச்சு. கூரையிலிருந்து வால் வரைக்கும் ஒரே சரிவாக இறங்குகிற உடம்பு அது. பின்பக்கம் இரண்டும்தான் கஷ்டம். வலது முடிந்தது, இடது பாக்கி. அக்கா கேட்டுக்கொண்டே டம்ளரை வாங்கினாள், வாங்கிய வேகத்தில் கீழே போட்டாள். விரல் சுட்டுவிட்டது. அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை நெருப்பாகச் சிவந்திருந்தது.

இரண்டு பேரும் தரையில் ஓடிய டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை நாளா?"

"வலது பக்கம் முடிச்சதிலேர்ந்து. முதல்ல விரல் நுனி மட்டும்தான் மரத்துச்சு. போயிடும்னு நினைச்சேன்க்கா."

மறுநாள் மருத்துவமனையில் மருத்துவர் நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கோங்க. கையில எங்கயாவது தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க" என்றார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடிக் கையைக் கவனிப்பதில் அவனை மிஞ்ச ஆள் ஏது? முகம் பட்டறையில் இருப்பது போலவே அமைதியாக இருந்தது. மருத்துவர் கட்டை விரல் அடியில் தொட்டார். சுண்டு விரல் பக்கம் தொட்டார். நடு உள்ளங்கையில் இழை வளைகிற அளவுக்குக் குத்தினார். ஏழு இடம். அக்கா எண்ணினாள். அவன் பேசாமல் காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, மரியாதையாக, "ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சர்க்கரை பாதி, சுத்தியல் பாதி, தகட்டைப் பிடித்த கைக்கு ஒவ்வொரு அடியின் அதிர்வும் போயிருக்கிறது என்றார் மருத்துவர். போன உணர்ச்சி திரும்பாது, மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், கையில் காயம் படாமல் கவனமாக இருக்க வேண்டும், பட்டால் தெரியாது, ஆறவும் ஆறாது என்றார். வலது கையால் தடவிப் பார்க்கக் கூடாதா என்று அக்கா கேட்டதற்குத் தம்பியே பதில் சொன்னான். "முப்பது வருஷம் சுத்தியல் பிடிச்ச கைக்கா. அது தோல் இல்ல, செருப்பு."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அவன் சொன்னான். "பட்டறையில யாருக்கும் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சா என்னடா? முதலாளி உன்னை வெளிய தள்ளிருவாரா?"

"தள்ள மாட்டார். பாவம்னு சொல்லி வேற வேலை தருவார். அதுதான்க்கா வேண்டாம்." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "இந்த இடது பக்கம் மட்டும் நல்லபடியா முடியட்டும். வலதும் இடதும் ஒரே கை செஞ்சதா இருக்கணும். பாதிக் காரை நான் செஞ்சேன்னு விட்டுட்டுப் போக முடியாது. உன் கை இருக்கில்ல? நூல் ஒரு இழை விலகினா உனக்குத் தெரியுது. நீ தொட்டுச் சொல்லு, நான் அடிக்கிறேன்."

அப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் அக்கா பட்டறைக்கு வேலைக்குப் போனாள். காகிதம் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் போவாள். எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பின்பக்கக் கொட்டகைக்குப் போன பிறகு வேலை தொடங்கும். தகரக் கூரை, உயரத்தில் வரிசையாக டியூப் லைட், எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை. நடுவில் மரக்கூடு, அதில் வலது பக்கம் மட்டும் தகடு போர்த்தி நின்றது. அவன் முதலில் அவளை அந்த வலது பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இதைத் தொடு. சரியா இருக்கறது எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியட்டும். அழுத்தாத. தூங்கற குழந்தை மேல கை வைக்கற மாதிரி வையி. கையை நீ நகர்த்தாத, தோளை நகர்த்து, கை தானா வரும்."

லைனிங் துணித் துண்டு ஒன்றை விரித்து அவள் தடவினாள். இத்தனை வருடமாகத் தம்பியைப் பற்றிப் பேசியிருக்கிறாள், ஆனால் அவன் செய்ததை இப்படித் தொட்டதில்லை. கூரையிலிருந்து சக்கர வளைவுக்கு, அங்கிருந்து வாலுக்கு, கை எங்கேயும் தடுக்காமல் ஓடியது. தண்ணீரில் போவது போல இருந்தது. கண் கலங்கியது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்லடா. நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? வா, இடது பக்கம் வா. அது நல்லா இல்ல. எங்க நல்லா இல்லைன்னு சொல்லு."

முதல் வாரம் தடுமாறினாள். இரண்டாவது வாரம் பிடிபட்டது. மேடு இருந்தால் தையல் சாக்கட்டியால் வட்டம், பள்ளம் இருந்தால் பெருக்கல் குறி. அவன் குறியைப் பார்த்து அடிப்பான், உருளையில் விடுவான், கொண்டுவந்து கூட்டில் வைப்பான். "இப்ப?" என்பான். "வட்டம் போச்சு. பக்கத்துல ஒரு பெருக்கல் வந்திருக்கு." "அது வரும். ஒரு மேட்டை அடக்கினா அது பக்கத்து வீட்டுக்குப் போய் ஒளியும்." இருவரும் சிரிப்பார்கள். கை போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்த மூன்று வாரம் அக்காவுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள், அவள் சொன்னபடி தகடு வளைகிறது. பெட்டியில் இருக்கிற காகிதம் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இடது பக்கம் முரண்டு பிடித்தது. அவள் வருவதற்கு முன்பே அவன் தெரியாமல் அடித்து, அரம் போட்டு, இளக்கி, மறுபடி அடித்திருந்தான். பட்ட அடிக்குத் தகடு இறுகும், போட்ட அரத்துக்கு மெலியும். மெலிந்த இடத்தில் மறுபடி நெருப்புக் காட்டினால் ஓட்டை விழும். சக்கர வளைவுக்கு மேலே ஒரு சாண் இடம் மூன்று தடவை சரியாகி மூன்று தடவையும் கெட்டது.

நாலாவது தடவை அடித்த அன்று வெல்டர் உள்ளே வந்தான். கழுவிய பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன அண்ணே, இடது பக்கம் மட்டும் தொடர்கதையா ஓடுது? கண்மூடி அண்ணனுக்குக் கண்ணு தெரியலையா, வயசாயிடுச்சா?" என்றான். கேலிதான், விஷமம் இல்லை. தம்பியும் சிரித்தான். வெல்டர் போன பிறகு தகட்டின் ஓரத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டில் பொருத்தி, "அக்கா, பாரு" என்றான்.

அவள் துணியை விரித்தாள். கை மேலிருந்து இறங்கி வந்தது. வளைவுக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு, கை லேசாகச் சறுக்கி உள்ளே போனது. இருக்கிறது. பள்ளம் இருக்கிறது. சாக்கட்டியை எடுக்கப் பையில் கை விட்டவள் தகட்டின் ஓரத்தைப் பார்த்தாள். சிவப்பாக ஒரு கோடு கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவன் பிடித்திருந்த ஓரம் சீவாத ஓரம், கத்தி மாதிரி இருந்தது. உள்ளங்கையில் ஆழமாகவே அறுத்திருந்தது. ரத்தம் சொட்டி மரக்கூட்டில் விழுந்தது. அவனோ கண் இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

இருக்கிறது என்று சொன்னால் ஐந்தாவது தடவை அடிப்பான். அடித்தால் தகடு கிழியும். கிழிந்தால் தட்டைத் தகட்டிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான், இந்தக் கையோடு. அக்கா சாக்கட்டியை விட்டுவிட்டு லைனிங் துணியை அவன் கையைச் சுற்றிக் கட்டினாள்.

"சரியா இருக்குடா. போதும், விடு."

"நிஜமாவா?"

"நிஜமாதான். வலது பக்கம் மாதிரியே இருக்கு."

அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். ரத்தத்தை அப்போதுதான் அவன் பார்த்தான். "அட, இது எப்போ?" என்று சிரித்தான்.

தகடு உடம்போடு சேர்ந்தது. வெல்டர் மூட்டுத் தெரியாமல் பற்ற வைத்தான். பிறகு கார் பெயிண்டர் கைக்குப் போனது. சாதாரணமாகத் தகட்டு வேலைக்கு மேல் பட்டி பார்ப்பார்கள், அதாவது பள்ளத்தில் ஒரு பசையைப் பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கி, அதற்கு மேல் வர்ணம் அடிப்பார்கள். தம்பியின் தகட்டுக்கு மட்டும் பெயிண்டர் பட்டி பார்த்ததே இல்லை. பதினெட்டு வருடமாக அதுதான் அந்தப் பெயிண்டரின் பெருமை. "எங்க அண்ணன் தகட்டுக்குப் பட்டி வைக்கிறது, பால்ல சுண்ணாம்பு கலக்கற மாதிரி" என்பான். அந்த நம்பிக்கையில் தேய்த்துக்கூடப் பார்க்காமல் அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் வாடிக்கையாளர் கேட்ட கறுப்பை அடித்தான். கறுப்பு எதையும் மறைக்காது. கறுப்பு கண்ணாடி.

வர்ணம் காய்ந்ததும் பெயிண்டர் தம்பியை மட்டும் தனியாக அழைத்தானாம். டியூப் லைட்டின் பிம்பம் காரின் பக்கத்தில் நேர்கோடாக ஓடி, இடது சக்கரத்துக்கு மேலே வந்ததும் தண்ணீரில் விழுந்த குச்சி மாதிரி ஒடிந்திருந்தது. அதைக் காட்டினான்.

"அண்ணே, என் தப்புதான். நான் தேய்ச்சுப் பாத்திருக்கணும்."

"இது உன் தப்பு இல்ல" என்றிருக்கிறான் தம்பி.

அன்று அவன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். அக்கா மெஷினில் இருந்தாள். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். பிறகு கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு உன் கைக்கு அது தெரிஞ்சுதா?"

மெஷின் நின்றது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். வயதான கை, மூன்று வாரப் பழக்கம், தவறிவிட்டது, யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் கதவு பொய் சொல்வதைக்கூடப் பொறுக்காதவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை சொன்ன பொய்யே போதும்.

"தெரிஞ்சுதுடா."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள்.

"ரத்தத்தைப் பாத்துட்ட. அதானே?"

"ஆமா."

"தெரியலைன்னு நீ சொல்லியிருந்தா, சரி, இன்னும் கொஞ்சம் பழகட்டும்னு விட்டிருப்பேன். மறுபடி உன்னைக் கூப்பிட்டிருப்பேன்." வெட்டுக் காயத்தின் மேல் கட்டியிருந்த துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான். "இப்ப நீ சரின்னு சொன்னா, அது தகட்டைப் பாத்துச் சொல்றதா, என்னைப் பாத்துச் சொல்றதான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய சட்டை அது என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அவனே முதலாளியிடம் போய்க் கையைப் பற்றிச் சொல்லிவிட்டான். முதலாளி நல்ல மனிதர். மரக்கூடு கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அளவு நாடா வைத்துச் செய்கிற வேலை, தடவிப் பார்க்க வேண்டியதில்லை. பாவம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது. காருக்கு நாள் குறித்தாகிவிட்டது. இடது பக்கத்தை வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்ய ஆள் இல்லை. பட்டி வைத்து மூடுவது என்று முடிவானது.

பெயிண்டர் மாட்டேன் என்றான். "வேற எந்த வண்டிக்கு வேணா வைக்கிறேன். இந்தத் தகட்டுக்கு என் கையால வைக்க மாட்டேன் அண்ணே. என்னை விட்டுருங்க."

"சரி, நானே வைக்கிறேன்" என்றான் தம்பி.

இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவும் படுக்கவும் தேவையான வார்த்தைகள் மட்டும்தான் நடமாடின. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் வாசலில் வந்து நின்று, "வா" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சாக்கட்டியையும் லைனிங் துணியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இந்தத் தடவை யாரும் கொட்டகைக்குப் போகவில்லை. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? வெல்டர் தூரத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான், கேலி இல்லை. கறுப்பைத் தேய்த்து எடுத்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. தம்பி பசையைக் குழைத்தான். தகட்டுக் கரண்டியால் எடுத்து, தன் தகட்டின் மேல் முதல் தடவையாகப் பட்டி இழுத்தான். காயும் வரை நின்றுகொண்டே இருந்தான். பிறகு உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தான்.

"பாரு."

அக்கா துணியை விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கு. மேல் ஓரத்துல."

மறுபடி இழுத்தான், மறுபடி தேய்த்தான்.

"இருக்குடா. இப்ப பின்பக்கம் கொஞ்சம்."

ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது தன் வாயாலேயே அவனை அடிப்பது போல இருந்தது. ஆனாலும் சொன்னாள். அன்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எட்டுத் தடவை சொன்னாள். வெயில் இறங்கிக் கதவு வழியே உள்ளே வந்து தரையில் நீண்டது. ஒன்பதாவது தடவை கை எங்கேயும் நிற்காமல் ஓடியது. நம்பாமல் மறுபடி தடவினாள், குறுக்கே தடவினாள், கீழிருந்து மேலே தடவினாள்.

"இல்லடா. இப்ப சரியா இருக்கு."

தம்பி உப்புத்தாளைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான், தகட்டைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, "நீ வந்து ஒரு தடவை தொட்டுப் பாரு" என்று பெயிண்டரைக் கூப்பிட்டான்.

பெயிண்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. "அக்காதான் சொல்லிட்டாங்களே அண்ணே" என்று இழுத்தான்.

"பரவாயில்ல. நீயும் பாரு."

பெயிண்டர் வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவள் விரித்திருந்த அதே துணியின் மேல் கையை வைத்துத் தடவினான். "சரியா இருக்கு அண்ணே" என்றான். அப்போதுதான் தம்பி மூச்சை விட்டான். அக்கா லைனிங் துணியை மடித்துப் பைக்குள் போட்டாள், சாக்கட்டியைத் தேடினாள், சாக்கட்டி கையிலேயே இருந்தது.

இருவரும் நடந்தே வந்தார்கள். கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அவன் முன்னால் நடக்க, அவள் இரண்டடி பின்னால் வந்தாள். முழு மத்தியானமும் கையைத் தூக்கியே வைத்திருந்ததில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை விண்விண்ணென்று தெறித்தது. தெருமுனையில் வண்டி போகட்டும் என்று நின்றபோது அவன் திரும்பினான்.

"கை வலிக்குதாக்கா?"

இல்லடா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஐம்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் சொல்லி வந்த பதில் அது ஒன்றுதான்.

"வலிக்குது" என்றாள்.

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பையை வாங்கி வலது தோளில் மாட்டிக்கொண்டு, வண்டி போனதும் ரோட்டைத் தாண்டினான்.